ஆர்னெட்டாவுக்கு விட்ட இடம்

பிலடெல்ஃபியா
1976 பிப்ரவரி 9

அன்புள்ள ஆர்னெட்டா அக்காவுக்கு,

கர்த்தருடைய தயவால் நான் இங்கே சுகம். குளிர்தான் எலும்பைக் கடிக்கிறது. நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அக்கா, இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. கோட்டுத் தொழிற்சாலையில் என்னோடு உள்துணி தைக்கிற ஜோனெல், டெல்ஃபின் இருவரைப் பற்றி எழுதியிருந்தேனே. நாங்கள் மூவரும் பாடுவதைக் கிராஸ்வெல் என்ற தயாரிப்பாளர் எங்கேயோ கேட்டுவிட்டு, 'சாட்டின் அவென்யூ' என்று எங்களுக்குப் பெயரும் வைத்து, ஒரு டிஸ்கோ பாட்டைப் பதிவு செய்யக் கூட்டிப்போனார். கண்ணாடி அறை, காதில் ஆளுக்கொரு பெரிய ஹெட்போன். பாட்டு முடிந்தது. ஆனால் டிரம்ஸ் வாசிக்கிற கிளியோட்டிஸ் நிறுத்தவில்லை. அவனும் சபையில் வளர்ந்தவன். பாட்டு முடிந்தது என்றால் இனிமேல்தான் ஆரம்பம் என்று அவன் கைக்குப் பழக்கம்.

நமக்கும் அதுதானே பழக்கம்! நெபோ மலை சபையில் பாட்டு முடிந்ததும் 'ஓட்டம்' என்று ஒன்று பிடிப்போமே. பின்னால் நிற்பவர்கள் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்ல, முன்னால் நிற்பவள் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவளவள் தன் குரலில் பதில் கொடுப்பாளே. அதே ஓட்டம் பிடித்துவிட்டோம். ஜோனெலைக் கூப்பிட்டேன், பதில் வந்தது. டெல்ஃபினைக் கூப்பிட்டேன், வந்தது. மூன்றாவதாக என் வாய் தானாகவே "ஆர்னெட்டா, வீட்ல இருக்கியா?" என்றது.

"இருக்கேன், இருக்கேன், எங்க போவேன்!" என்று நீ அடிவயிற்றிலிருந்து வருவாயே, அதற்காக எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இடம் விட்டோம். நீயோ தெற்கே ஆரஞ்ச்பர்க்கில் யார் தலையையோ வாரிக்கொண்டிருக்கிறாய். வெறும் டிரம்ஸும் பேஸ் கிதாரும் போய்க்கொண்டே இருந்தன. அசடு வழிந்துகொண்டு மறுபடி பாட்டுக்குள் நுழைந்தோம்.

டேப் ஓடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போனால் கிராஸ்வெல் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருக்கிறார். "யாரும்மா அந்த ஆர்னெட்டா? யாரா இருந்தாலும் அவ வராததுக்கு ஒரு பெரிய கும்பிடு!" என்கிறார். பாட்டிலேயே அந்தக் காலியிடம்தான் நல்ல இடமாம். அப்படியே இசைத்தட்டில் போடப்போகிறாராம்.

எனக்கு அது காலியிடம் இல்லை, உன் இடம். நீ வா அக்கா. மேடை ஏறும்போது நாலு பேராக ஏறுவோம். அப்பா இருந்தபோது அவர் கட்டைக் குரலுக்கு அதிர்ந்த சபை ஜன்னல், ஞாயிற்றுக்கிழமை நீ கீழ்க்குரல் எடுத்தால் இப்போதும் அதிர்கிறதா?

அம்மாவுக்கு முத்தம்.
உன் தங்கை,
வஸ்தி


ஆரஞ்ச்பர்க், தென் கரோலினா
1976 மார்ச் 21

என் செல்லத் தங்கை வஸ்திக்கு,

உன் கடிதம் வந்தது. உன் சுகம் படித்து மகிழ்ந்தோம். இங்கே இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே சொல்லிவிடுகிறது, வானொலிக்காரர்களைவிட மேல்.

என் பெயரைச் சொல்லி ஊரைக் கூட்டியிருக்கிறாய். சின்ன வயதில் கழிப்பறைக்குப் போகக்கூட என்னைத்தான் கூப்பிடுவாய், இப்போது டேப்பிலுமா? பார்லரில் சொல்லிச் சிரித்தேன். ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனாலும் நாற்காலி காலியில்லை. ஆரஞ்ச்பர்க்கில் எந்தத் தலையும் முடியை நேராக்கும் என் சூட்டுச் சீப்பைத் தாண்டாமல் உயிர்த்தெழுதல் ஆராதனைக்குப் போகமுடியாது. இந்த நேரத்தில் கடையை விட்டு எங்கே வர?

சபையில் புதுச் செய்தி: நான் இப்போது வாசல் ஊழியக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை. வருகிறவர்களை உட்காரவைப்பது, மயங்கி விழுகிறவர்களுக்கு விசிறுவது. கை ஜாடை எல்லாம் படித்துவிட்டேன். வாயே திறக்க வேண்டாம், அருமையான ஊழியம்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ. குளிர்காற்று தொண்டைக்கு ஆகாது.

உன் அக்கா,
ஆர்னெட்டா


நியூயார்க்
1976 ஆகஸ்ட் 15

அக்கா,

சுகமா என்று கேட்கக்கூட மூச்சில்லை, இருந்தாலும் கேட்கிறேன்: சுகமா? அம்மா சுகமா? நான் சுகத்துக்கும் மேலே எங்கேயோ இருக்கிறேன்!

பாட்டு பற்றிக்கொண்டது. முதலில் வானொலி எங்களைச் சீந்தவில்லை. நடனக் கூடங்களில் தட்டுப் போடுகிற டி.ஜே.க்கள்தான் எடுத்தார்கள். உன் இடம் வந்ததும் ஆட்டக்காரர்கள் கத்துவதைப் பார்த்து, ஒரு டி.ஜே. ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்த இடம் முடியப்போகும்போது அடுத்த பிரதியில் மறுபடி தொடங்கி, நீட்டிக்கொண்டே போகிறார். நேற்று நாங்களே போய்ப் பார்த்தோம். நான் "ஆர்னெட்டா, வீட்ல இருக்கியா?" என்று தட்டிலிருந்து கேட்கிறேன், கூடமே கையைத் தூக்கி "இருக்கேன்!" என்கிறது. மாடி விழுந்துவிடும் என்று ஜோனெல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டெல்ஃபின் அழுது கண்மை எல்லாம் கன்னத்துக்கு வந்துவிட்டது.

அங்கே ஹாலிஸ் என்று ஒருவன். ஒல்லி, பளபளவென்ற சட்டை, ஆட்டத்தில் கெட்டிக்காரன். என்னிடம் வந்து சொன்னான், "எங்க வீட்ல என் பேரச் சொல்றதையே நிறுத்திட்டாங்க. நான் ஆம்பளைங்களோட சுத்துறேன்னு அப்பா கதவச் சாத்திட்டாரு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இங்க வந்து உங்க அக்கா பேருக்குத்தான் பதில் சொல்றேன். யாரோ வீட்லேருந்து கூப்பிடுற மாதிரி இருக்கு." அவனைக் கட்டிக்கொண்டேன்.

எல்லாரும் உனக்காகப் பதில் சொல்கிறார்கள், நீ மட்டும் சொல்லவில்லை. நீ ஏன் பாடகர் குழுவை விட்டாய்? முன் கடிதத்திலேயே கேட்க நினைத்தேன். கீழ்க்குரலுக்கு வேறு யார் இருக்கிறார்கள் அங்கே?

எப்போது வருகிறாய்?

வஸ்தி


ஆரஞ்ச்பர்க்
1976 செப்டம்பர் 12

அன்பு வஸ்தி,

கர்த்தர் உன்னை உயர்த்துகிறார், அவருக்கு ஸ்தோத்திரம். இங்கே யாவரும் சுகம்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பார்லரில் நாலு பேர் முடி உலர்த்தும் டிரையருக்கு அடியில். வானொலி ஓடுகிறது. திடீரென்று உன் குரல்! சீப்பு கையில் அப்படியே நின்றுவிட்டது, மிஸ் ஓசெல்லாவின் காது நுனி கொஞ்சம் சுட்டுவிட்டது, பாவம். ஓட்டம் பிடித்தாய், அவளைக் கூப்பிட்டாய், இவளைக் கூப்பிட்டாய். பிறகு என்னைக் கூப்பிட்டாய். டிரையர் மண்டைகள் நாலும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன.

"அடியே ஆர்னெட்டா, உன்னத்தான்டி கூப்பிடுறா!"

"பதில் சொல்லுடி, பாவம் புள்ள காத்துக்கிட்டு இருக்கு!"

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

நான் சிரித்துக்கொண்டே வானொலியைச் சத்தமாக்கினேன். மிஸ் ஓசெல்லா காதைப் பிடித்துக்கொண்டே எனக்காகப் பதில் சொன்னாள். அவளுக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம், உனக்குத் தெரியும்.

சபையில் சிலர் முணுமுணுத்தார்கள், ஆராதனை ஓட்டத்தைக் கொண்டுபோய்ச் சாத்தானுக்குக் கொடுத்துவிட்டாள் என்று. அம்மா எழுந்து நின்று, "சாத்தானுக்கு இவ்வளவு நல்லா டிரம்ஸ் வாசிக்க வராது, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தார்கள். ஹாலிஸ் பற்றி நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் அம்மாவின் விலாசத்தை வாங்கி அனுப்பச் சொல்கிறாள், அவளிடம் ரெண்டு வார்த்தை கேட்க வேண்டுமாம்.

நன்றாகச் சாப்பிடு. மேடைச் சாப்பாடு என்று வெறும் காபியில் ஓட்டாதே.

உன் அக்கா,
ஆர்னெட்டா


சிகாகோ, ஒரு ஹோட்டல்
1977 ஜனவரி 30

என் அக்காவுக்கு,

புது வருடம் உங்களுக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும். நான் சுகம். கால்தான் வீங்கியிருக்கிறது, குதிகால் செருப்பின் புண்ணியம்.

தொலைக்காட்சியில் பார்த்தாயா? ஜிகினா உடை மூன்றும் எப்படி? உன் பெயரை அமெரிக்கா முழுவதும் சொல்கிறது. டெட்ராய்ட்டில் ஒரு பஸ்காரர் பஸ்ஸை நிறுத்திவிட்டு எங்களிடம் கேட்கிறார், "ஆர்னெட்டா கடைசியில வந்தாங்களா இல்லியா?" நிறைய விற்றதற்குத் தங்கத் தட்டு கொடுத்தார்கள். சுவரில் மாட்டுகிற தட்டு, அதைப் போட்டால் பாடாது. தொழிற்சாலைக்குப் போய் எல்லாரிடமும் காட்டினோம். மேஸ்திரி கைகுலுக்கினார், நாங்கள் போகும்போது தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஏப்ரலில் நியூயார்க்கில் பெரிய அரங்கம். இத்துடன் பஸ் டிக்கெட் வைத்திருக்கிறேன். உனக்கும் ஒரு ஜிகினா உடை தைத்தாகிவிட்டது, நானே உள்துணி வைத்துத் தைத்தேன், குத்தாது. நீ வரிசையில் நிற்க வேண்டாம். ஒளிந்து நில். நான் கூப்பிடுவேன், நீ நடந்து வா. அந்த ஒரு வரி மட்டும். அது போதும் எனக்கு.

இந்த முறை மறுக்காதே.

வஸ்தி


ஆரஞ்ச்பர்க்
1977 மே 3

வஸ்திக்கு,

சுகம். சுகமறிய ஆவல்.

தாமதத்துக்கு மன்னி. அம்மாவின் முழங்கால் மோசம், கடையில் கூட்டம். டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், வேறு யாருக்காவது ஆகட்டும். நிகழ்ச்சி நன்றாக நடந்ததாகப் பத்திரிகையில் படித்தோம்.

ஆர்னெட்டா


பிலடெல்ஃபியா
1977 ஜூன் 2

அக்கா,

அம்மாவின் முழங்காலுக்கு என் அனுதாபம். அது என் ஒவ்வொரு கடிதத்துக்கும் சரியாக வலிக்கிறது.

ஐயாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். நான் கூப்பிட்டேன். ஐயாயிரம் பேரும் "இருக்கேன்" என்றார்கள். நான் மேடை ஓரத்துத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், டிக்கெட் திரும்பி வரவில்லையே, ஒருவேளை வந்திருப்பாயோ என்று. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

நான் பாடுவது உனக்குக் கௌரவக் குறைச்சலா? இல்லை, நான் தலைகனம் பிடித்தவள் ஆகிவிட்டேன் என்று நினைக்கிறாயா? எதுவானாலும் எழுது. எழுத மனமில்லை என்றால் வேண்டாம்.

வஸ்தி


ஆரஞ்ச்பர்க்
1977 ஜூலை

வஸ்திப் பொண்ணுக்கு அம்மா எழுதுறது,

கர்த்தர் கிருபையில நல்லாருக்கேன். என் முழங்காலுக்கு ஒண்ணும் இல்ல. அது பாட்டுக்கு ரெண்டு வருஷமா மாடிப்படி ஏறுது.

உன் லெட்டரப் படிச்சுட்டு உங்க அக்கா கொல்லைப்புறம் போய் உக்காந்துட்டா. ராத்திரி சோறு திங்கல. அதனால நான் சொல்றேன். நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாத, சொன்னா இந்த வீட்ல எனக்குக் காபி கெடைக்காது.

நீ வடக்க போனதுக்கு அடுத்த வருசம், கிறிஸ்மசுக்கு முன்னாடி, அவ கழுத்துல ஒரு கட்டி. ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க. உசுரு தப்பிச்சது, டாக்டருங்க நல்லாருக்கட்டும். ஆனா கொரலு கட்டியோட போயிருச்சு. பேசுறா, கரகரன்னு. பாட வாயத் தொறந்தா காத்துதான் வருது. ஒரு ஞாயித்துக்கிழமை முயற்சி பண்ணா. அப்புறம் வெள்ளைக் கையுறைய மாட்டிக்கிட்டு வாசல்ல போய் நின்னுட்டா.

உன்கிட்ட சொன்னா எல்லாத்தயும் போட்டுட்டு ஓடியாந்துருவேன்னு சொல்லல. அப்புறம் அந்தப் பாட்டு வந்துருச்சு. ஊர் ஒலகமே அவ பேரச் சொல்லிக் கூப்பிடுது, பதில் சொல்ல அவகிட்ட கொரலு இல்ல. இத எப்படிச் சொல்லுவா, நீயே சொல்லு.

வேதத்துல ராஜா கூப்பிட்டும் வரமாட்டேன்னவ பேருதான் வஸ்தி. அந்தத் திமிர உனக்குன்னு நெனச்சு வெச்சேன். ரெண்டு பேருக்கும் பங்கு போயிருக்கு.

ஹாலிஸ் பையனோட அம்மா விலாசம் இன்னும் வரல.

உன் அம்மா,
யூலாலி கேட்சன்


பிலடெல்ஃபியா
1978 ஏப்ரல் 16

என் அருமை அக்காவுக்கு,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துவிடு. எழுத உட்கார்ந்தேன், பல முறை. நீ சுகமா? அம்மாவின் முழங்கால் சுகமா? முன் கடிதத்தில் நான் கத்தியதை அடுப்பில் போடு.

இங்கே ஒரு செய்தி. கம்பெனி நம் பாட்டைப் புதிதாக வெளியிட நினைக்கிறது, அந்தக் காலியிடத்தில் ஒரு குரலை ஒட்டி. நல்ல பாடகி ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். கீழ்க்குரல், குறை சொல்ல முடியாது. கிராஸ்வெல் என்னிடம் காகிதத்தை நீட்டினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஒரு வரிதானம்மா, யாரு பாடினா என்ன?" என்றார்.

"அது ஆளு உள்ள இடம்," என்றேன்.

"ரெண்டு வருஷமா யாரையும் காணோமே!"

"அதுக்காக? பக்கத்து வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிருந்தா, அவங்க வீட்ல வாடகைக்கு ஆள் வெப்பீங்களா?"

ஜோனெலும் டெல்ஃபினும் என் பக்கம் நின்றார்கள். அவருக்கு முகம் இருண்டுவிட்டது. இனி எங்கள் மேல் பழைய பிரியம் இருக்காது, பரவாயில்லை. உன் இடம் காலியாகவே இருக்கும். அங்கே நீ பாடவேண்டும் என்றுகூட இல்லை, அக்கா. அது உன்னுடையது, அவ்வளவுதான்.

வேறு ஒன்றும் கேட்கப்போவதில்லை. உன் வாசல் ஊழியம் எப்படிப் போகிறது?

உன்,
வஸ்தி


ஆரஞ்ச்பர்க்
1979 மார்ச் 11

அன்புத் தங்கை வஸ்திக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் சுகத்தைத்தான் இன்று நிஜமாகவே கேட்கிறேன்.

உங்கள் புதுத் தட்டு வானொலியில் வருகிறது. அட்டையில் உன் படம், உன் ஜிகினா உடை. உள்ளே பாடுவது நீ இல்லை. மிஸ் ஓசெல்லா உன்னைப் புகழ்ந்து தள்ளினாள். ஆனால் உன்னைத் தூளியில் ஆட்டியவள் நான். நீ உச்சிக்குப் போகுமுன் மூச்சு இழுக்க மாட்டாய், நேராகக் குதிப்பாய். இவள் ஏணி வைத்து ஏறுகிறாள்.

என்ன நடந்தது? அன்று காகிதத்தை மறுத்ததற்கா? எனக்காகவா?

மறைக்காமல் எழுது. மறைப்பது இந்த வீட்டில் ஏற்கெனவே அதிகம்.

ஆர்னெட்டா


பிலடெல்ஃபியா
1979 அக்டோபர் 7

என் அக்காவுக்கு,

நான் சுகம், நிஜமான சுகம். ஒரு வாரமாக நன்றாகத் தூங்குகிறேன்.

ஆமாம், அது நாங்கள் இல்லை. கூலிக்குப் பாடகிகளை வைத்துப் பதிவு செய்துவிட்டு எங்கள் படத்தைப் போட்டார்கள். பால்டிமோரில் ஒரு கூடத்தில் டேப் ஓடும், நாங்கள் வாயை மட்டும் அசைக்கவேண்டும் என்றார்கள். மேடை ஓரம் வரை போனேன். அங்கே நின்று அம்மா வைத்த பெயரை நினைத்துக்கொண்டேன். ராஜா கூப்பிட்டார், வஸ்தி போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மூவரும் பின்வாசலால் வெளியே வந்து, எதிர்க் கடையில் நண்டு வாங்கித் தின்றோம். அவ்வளவு ருசியான நண்டு நான் தின்றதேயில்லை.

பெயர் கம்பெனியுடையதாம். இப்போது வேறு மூன்று பெண்கள் எங்கள் உடுப்பில் சாட்டின் அவென்யூவாகப் போகிறார்கள். என் உடுப்பைப் போட்டவள் குள்ளம். மேடையைப் பெருக்கிக்கொண்டே ஆடுகிறாளாம். அவர்களுக்கும் ரொம்ப நாள் இல்லை. கோடையில் சிகாகோவில் ஒரு மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்களே, அதற்குப் பிறகு கூடங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்துகின்றன. நான் பழையபடி கோட்டுக்கு உள்துணி தைக்கிறேன். மேஸ்திரி இப்போதும் கைகுலுக்குகிறார். அழவேண்டும் போல இருந்த நாள் உண்டு, அழுதேன். ஆனால் அக்கா, மூன்று தையல்காரிகள் ஐயாயிரம் பேரை எழுந்து நிற்கவைத்தோம். அதை யாராலும் வெடி வைக்க முடியாது.

இப்போது விஷயம். நம்மூர் ஸ்கேட்டிங் அரங்கத்து ஃபெல்டர் ஐயா கூப்பிட்டிருக்கிறார். நன்றி சொல்லும் பண்டிகை முடிந்த சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. டேப் இல்லை. கிளியோட்டிஸ் வருகிறான். பழைய பெயரைப் போடக்கூடாது என்று சொன்னேன், "நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அம்மா சொன்னதை நான் அறிவேன், ரொம்ப நாளாக. அவளுக்குக் காபியை நிறுத்திவிடாதே. நீ பாடவேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் நான் கூப்பிடுவேன். கூப்பிடாமல் இருக்க எனக்குத் தெரியாது.

வஸ்தி


ஆரஞ்ச்பர்க்
1979 டிசம்பர் 9

என் வஸ்திக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த தந்தி வந்தது, மகிழ்ச்சி. நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குக் காபி இரண்டு நாள்தான் நிறுத்தினேன்.

பஸ் புறப்படும் அவசரத்தில் நீ ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் கதவை மூடிவிட்டார்கள். அதற்கு வருகிறேன். முதலில், நீ மேடையில் நின்றதால் பார்க்க முடியாததைச் சொல்கிறேன்.

ஃபெல்டர் ஐயா வைத்த பலகையைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய்: 'ஆர்னெட்டாவின் தங்கச்சியும் தோழிகளும்.' நான் சிரிக்கவில்லை. வரவே கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா, "பாட வேணாம்டி, ஆளுங்கள உக்கார வெக்க ஆள் வேணும்ல?" என்றாள். அதனால்தான் கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்கேட்டிங் அரங்கத்தில் வாசல் ஊழியம் பார்த்தேன். பாப்கார்ன் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன், அங்கே சத்தம் அதிகம், ஒளிந்துகொள்ளலாம்.

நீங்கள் மூவரும் சாதாரண ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்தீர்கள். ஜிகினா இல்லை. பாடத் தொடங்கியதும் கூட்டம் சக்கரக் காலணியில் சுற்ற ஆரம்பித்தது. கிழவர்கள், குழந்தைகள், என் வாடிக்கைக்காரிகள் எல்லாரும். மிஸ் ஓசெல்லா பின்னோக்கி உருண்டாள், நான் வாரிய தலை கலையவேயில்லை. பாட்டு முடிந்தது. கிளியோட்டிஸ் நிறுத்தவில்லை.

ஜோனெலைக் கூப்பிட்டாய். டெல்ஃபினைக் கூப்பிட்டாய். எனக்கு முழங்கால் நடுங்கியது, அம்மாவின் பொய் முழங்கால் இல்லை, என் நிஜ முழங்கால். பரவாயில்லை, இந்த ஊரே பதில் சொல்லிவிடும், மூன்று வருடமாக வானொலியோடு சொல்லிப் பழகியவர்கள்தானே என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். நீ கூப்பிட்டாய்.

"ஆர்னெட்டா, வீட்ல இருக்கியா?"

ஒருவரும் சொல்லவில்லை, வஸ்தி. நியூயார்க்கில் ஐயாயிரம் பேர் சொன்னார்கள், டெட்ராய்ட்டில் பஸ்காரர்கூட விசாரித்தார். இங்கே ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இவர்களுக்கு அது யார் இடம் என்று தெரியும். ஒவ்வொருவராகச் சக்கரத்தை நிறுத்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாப்கார்ன் எந்திரத்தைப் பார்த்தார்கள். அதை ஓட்டுகிறவர்கூட அணைத்துவிட்டார். டிரம்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நீ மறுபடி கேட்கவில்லை, பாட்டுக்குள் திரும்பவும் இல்லை. அப்படியே காத்துக்கொண்டு நின்றாய். அவ்வளவு பிடிவாதம் யாரிடம் கற்றாய்?

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், பயம் இல்லை, கோபம். இத்தனை பேர் நிற்கிறார்களே, ஒருத்திக்காக! கையுறையைக் கழற்றிப் பாப்கார்ன் எந்திரத்தின் மேல் வைத்தேன். வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. பழைய இடத்தில் குரலைத் தேடினால் அங்கே யாரும் இல்லை. அப்போதுதான் கீழே போனேன், எப்போதும் போகாத இடத்துக்கு, படிக்கட்டுக்கு அடியில் போவது போல. அங்கே இருந்தது. தடித்து, கரகரத்து, ஆம்பளைக் குரலாக.

"இருக்கேன், இருக்கேன், எங்க போவேன்!"

அம்மா கத்தினது மேடைக்குக் கேட்டதாமே: "அடியே, உங்க அப்பாடி! உங்க அப்பா கொரலுடி அது!" அதற்குப் பிறகு அரங்கத்தில் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. மிஸ் ஓசெல்லா சக்கரத்தோடு என்மேல் வந்து மோதினாள். நீ அடுத்த வரியை மறந்துவிட்டு வாயைப் பிளந்து நின்றாய், தங்கத் தட்டு வாங்கின பாடகி! நான்தான் எடுத்துக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? எத்தனை சுற்று போனோமோ தெரியாது. கிளியோட்டிஸுக்குக் கையில் கொப்புளம்.

போன ஞாயிறு என்னை மறுபடி பாடகர் குழுவில் நிறுத்தினார்கள், கடைசி வரிசையில், கட்டைக் குரல் ஆண்களோடு. பெண்பிள்ளை அங்கே எப்படி நிற்கலாம் என்று டீக்கன் ஒருவர் கேட்டார். நான் ஒரு வரி பாடிக் காட்டினேன். நகர்ந்து இடம் விட்டார். ஜன்னல் அதிர்ந்தது, வஸ்தி. நீ முதல் கடிதத்தில் கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுத முடிகிறது.

இனி நீ பஸ்ஸில் கேட்டது. சொந்தமாகக் கடன் வாங்கியாவது பாட்டை மறுபடி பதிவு செய்யலாம், இந்தமுறை என் குரலையும் அந்த இடத்தில் வைக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். எத்தனை கூடங்கள் மூடினாலும் எங்கேயாவது ஒரு வீட்டில், ஒரு மாடியில், யாராவது அந்தத் தட்டைப் போடுவார்கள். ஹாலிஸ் போடுவான். நீ கேட்பாய், அவன் கையைத் தூக்குவான். நான் அங்கே போய் நின்றுகொண்டால் அவன் எங்கே நிற்பான்? எனக்கு இங்கே இடம் இருக்கிறது. அந்த இடம் அவனுக்கு இருக்கட்டும்.

நீ கொண்டுவந்து கொடுத்த விலாசத்துக்கு, அவன் அம்மாவுக்கு நம் அம்மா எழுதிவிட்டாள். நான் படிக்கவில்லை, ஆனால் நாலு பக்கம், பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினாள்.

ஈஸ்டருக்கு நீயும் ஜோனெலும் டெல்ஃபினும் வாருங்கள். தலை வாரிவிடுகிறேன். வாசலில் வந்து நின்று கூப்பிடு.

இருக்கிறேன், எங்கே போவேன்,
ஆர்னெட்டா